செல் விழுந்தது என்று சொன்னேன்

ஓடுகிறோம். வன்னி, 2009. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து. என் தோளில் மகள் கயல். நான்கு வயது. முன்னால் என் கணவர். அவர் கையில் மகன். எட்டு மாதம்.

தூரத்தில் குத்துகிற சத்தம். ஒன்று. இரண்டு. பிறகு வானத்தில் கூவல்.

“படு! சுமதி, படு! செல் வருது!”

படுத்தேன். வாய்க்குள் மண். காது அடைத்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கிறேன். பனை எரிகிறது. அவர் இல்லை. மகன் இல்லை. குரல் வந்த இடத்தில் குழி.

கயலின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, செல் துண்டு ஏறியிருந்தது. பக்கத்தில் ஓர் அங்கிலிக்கன் கோயில். தகரக் கூரை. உள்ளே கால் வைக்க இடமில்லை. பாதிரியார் பலிபீடத்து வெள்ளைத் துணியை இழுத்தார். நீளமாகக் கிழித்தார். காலைக் கட்டினார். துண்டு எலும்பில் இருந்தது. எடுக்க ஆளில்லை. இருக்கட்டும் என்றார்கள். பதினாறு வருடம் இருந்தது.

படகில் இந்தியா வந்தோம். இராஜபாளையம் பக்கம் முகாம். பேண்டேஜ் கம்பெனியில் வேலை. துணி மடிக்க வேண்டும். முதல் வாரம். பகல் பன்னிரண்டு மணி. கூட வேலை பார்த்த மாரியம்மாள் பின்னாலிருந்து கத்துகிறாள்.

“ஏட்டி சுமதி, செல் அடிக்குது!”

மேசைக்கு அடியில் கிடந்தேன். இரண்டு கையாலும் தலையை மூடியபடி. மேலே கைப்பேசி மணி அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

“போனுக்குப் போயி இம்புட்டுப் பயமாட்டி? கூப்பிடுதது உம் மாமியாளா?”

எங்களுக்குச் செல் என்றால் எறிகணை. இங்கே கைப்பேசி. அன்றிலிருந்து குண்டு என்று சொல்லப் பழகினேன். பதறினால் மட்டும் பழைய சொல் வந்துவிடும்.

போன வருடம் கயலின் எலும்பில் சீழ் வைத்தது. அவளுக்கு இருபது வயது. மதுரையில் பெரிய அறுவை செய்தால் கால் தப்பும் என்றார் மருத்துவர். சீக்கிரம் செய்யச் சொன்னார். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. போரில் காயப்பட்ட அகதிகளின் சிகிச்சைக்கு வெளிநாட்டு அங்கிலிக்கன் சபைகள் உதவுவதாக முகாமில் பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் போகிற வழியில், சபை அலுவலகம். திங்கட்கிழமை. காலை பத்தரை. போனேன். உள்ளே போகும்போதே பதறிவிட்டேன்.

விண்ணப்பம் எழுதுகிறவர் தலை நிமிரவில்லை.

“என்னம்மா ஆச்சு பிள்ளைக்கு? சுருக்கமாச் சொல்லுங்க. செத்த நேரத்துல நான் கெளம்பணும்.”

“செல் விழுந்தது ஐயா. செல் துண்டு காலுக்க நிக்குது.”

ஆங்கிலத்தில் எழுதினார். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதம். பதில் வந்தது. கயல் வாசித்தாள்.

“அம்மா, செல்போன் விழுந்து ஒடைஞ்ச துண்டாம். வீட்டு விபத்தாம். போர்க்காயம் இல்லையாம்.”

திரும்பப் போனேன். எக்ஸ்ரே படத்தை அவர் மேசையில் வைத்தேன்.

“நீங்கதான செல்லுன்னிய? ஊர்ல செல்லுன்னா போன்தான? நான் என்ன கனவா கண்டேன்?”

“போன் விழுந்தா எலும்புக்க இரும்பு ஏறுமோ?”

கத்தினேன். அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சத்தம் போடாதிய. இந்த வருசப் பட்டியல் முடிஞ்சுபோச்சு. அடுத்த தடவை வந்தா குண்டுன்னு தெளிவாச் சொல்லுங்க.”

அடுத்த தடவை. கால் அதுவரை பொறுக்கவில்லை. சீழ் மேலே ஏறியது. காய்ச்சல் இறங்கவில்லை. காலா உயிரா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை, காலை ஏழே கால். கதவை மூடினார்கள். உள்ளே அறுக்கிற மோட்டார் சத்தம். கொஞ்ச நேரம். நின்றது. மறுபடி கொஞ்ச நேரம்.

கோயில் துணியைக் கிழித்தவரும் சபையின் ஆள். செல்போன் என்று எழுதியவரும் சபையின் ஆள். முதலாமவர் உயிரோடு இருக்கிறாரா, தெரியாது. இரண்டாமவர் கெட்டவர் இல்லை என்று சொல்கிறார்கள். இருக்கலாம். அவருக்குக் கொடுக்க என்னிடம் மன்னிப்பு இல்லை. வாசித்துக் காட்டச் சொல்லாத எனக்கும் இல்லை.

இழந்தது இவ்வளவு.

கணவர். முப்பத்தொரு வயது. உடல் கிடைக்கவில்லை.

மகன். எட்டு மாதம். உடல் கிடைக்கவில்லை.

மகளின் வலது கால். அதைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். முகாமுக்குப் பின்னால் குழி தோண்டினேன். எங்கள் குடும்பத்தில் என் கையால் புதைக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.