கயிறு தெரியாத படம்

சிவப்புப் பாறையை நேர் வெயிலில் படமெடுக்கக் கூடாது, ஷெரிஃப். எதிர்ப் பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வேண்டும். இந்த யூட்டா பாலைவனத்தில் அதற்காகக் காத்திருந்தே வேட் லிண்ட்குவிஸ்டும் நானும் கிழவர்களானோம். ஆளுக்கொரு பெரிய பெட்டிக் கேமரா. என் படங்கள் நாட்காட்டிகளில் வந்தன. அவனுடையவை அருங்காட்சியகங்களில் தொங்கின. அதில் எனக்குப் பொறாமை கிடையாது.

மரத்துக்கு வருகிறேன். போன வசந்தத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு ஜூனிப்பரைக் கண்டோம். எங்கள் முன்னோர் வண்டி கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருமுன்பே கிழடு தட்டிய மரம். அதன் தாழ்ந்த கிளை ஒன்று அவன் படத்தின் குறுக்கே வந்தது. நான் தண்ணீர் எடுக்க வண்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் அதை அறுத்துவிட்டிருந்தான்.

“என்னடா இது?” என்றேன்.

“ஒரு கிளைடா, ஆரின். மரம் என்ன என்மேல கேஸா போடப் போகுது?”

நான் கத்துகிறவன் இல்லை. ரம்பத்தில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்து அவன் பையில் வைத்தேன். இலையுதிர் காலத்தில் சால்ட் லேக் நகரில் அந்தப் படத்தின் முன் நின்று, காட்டை மனிதக் கை தொடக் கூடாது என்று பேசினான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். உள்ளங்கை எரிகிற வரைக்கும் தட்டினேன்.

இந்த ஆகஸ்டில் நான்தான் அவனை அந்த ஒடுங்கிய பாறைப் பிளவுக்கு அழைத்துப்போனேன். யாரும் படமெடுக்காத இடம் என்றதும் வந்துவிட்டான். கயிற்றில் அவனையும் அவன் கேமராவையும் இறக்கினேன். வடக்கே மலைமேட்டின் மீது மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. அங்கே பெய்தால் இங்கே வெள்ளம். இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். ஆனால் பிளவுக்குள்ளிருந்து பார்க்கிறவனுக்கு வானம் ஒரு கீற்றுதான்.

“ஆரின், கயிறு படத்துல விழுதுடா. மேல இழு.”

இழுத்துக்கொண்டேன்.

“வானம் எப்படி இருக்கு?”

“துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. நீ வேலையைப் பாரு.”

கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டான்.

வெள்ளம் சேறும் கட்டைகளுமாக வந்தது. முதலில் கேமரா போயிற்று. அவன் பாறை இடுக்கில் விரல்களைக் கொடுத்துத் தொங்கினான்.

“கயித்தப் போடுடா, பாவி. கயித்தப் போடு.”

கயிறு என் காலடியில் சுருண்டு கிடந்தது. நான் என் கேமராவை முக்காலியில் ஏற்றி நிறுத்தினேன். அப்படியொரு சிவப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எங்கள் கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அவன் முகம் அவ்வளவாகப் புலப்படவில்லை.

மரத்துக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் படம் எடுக்கையில் காற்றில் கேமரா லேசாக ஆடிவிட்டது. பிலிமை மாற்றி, நிதானமாக இன்னொன்று எடுத்தேன். அது முடியும்வரை அவன் பிடியை விடவில்லை.