சுபாங்கனுக்கான தொகுப்புரை

நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சிட்னி பரமட்டா நீதிமன்றத்தில், சுபாங்கனின் வக்கீலாக நாற்பது நிமிடம், தாளைப் பார்க்காமல் பேசினேன். "பதினைந்து பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். யார் தூண்டியது, யாருடைய அடியில் உயிர் போனது, ஒருவருக்கும் தெரியாது. இவர் ஒருவரை மட்டும் எப்படிக் கொலைகாரன் என்பீர்கள்?" என்று ஜூரியிடம் கேட்டேன். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

யார் தூண்டியது என்பது எனக்குத் தெரியும்.

செவன் ஹில்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம் நிறைந்த சனம். இரத்தினசிங்கம் என்ற வயதானவர் என் முன்னால் வந்து நின்றார். "தம்பி, உங்கட கண்ணை எங்கயோ கண்டிருக்கிறன். காம்பிலயோ?" என்று கேட்டுவிட்டு, யோசித்தபடியே கைகழுவப் போனார். நான் சுபாங்கனைத் தேடினேன்.

இலங்கையில் போர் முடிந்த நேரம் முகாமில் ஆமிக்காரர் தலையாட்டி என்று ஒருவனை நிறுத்துவார்கள். முகத்தில் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. நாங்கள் வரிசையாக நடக்கவேண்டும். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். சுபாங்கனின் அண்ணன் அப்படிப் போனவன்தான். திரும்பவில்லை.

சுபாங்கன் நல்ல குடிவெறியில் இருந்தான். அவன் காதில் சொன்னேன்: "அந்தக் கிழவன்தான் உன்ர அண்ணனைக் காட்டிக்குடுத்த தலையாட்டி."

அவ்வளவுதான். அவன் கத்திக்கொண்டு பாய்ந்தான், மற்றவர்களும் பாய்ந்தார்கள். பாவம், கிழவருக்கு எதற்கு அடி விழுகிறது என்றே விளங்கியிராது. ஆம்புலன்ஸ் வருமுன் நான் காரை எடுத்துவிட்டேன். அந்த அமளியில் என்னை யாரும் கவனிக்கவில்லை.

வழக்கை நானே கேட்டு எடுத்தேன். "அண்ணை, நீங்கள் சொல்லித்தான் அடிச்சனான் எண்டு சொல்லட்டோ?" என்று சுபாங்கன் சிறையில் கேட்டான். "விசரோ உனக்கு? பழிவாங்கின கொலை எண்டு எழுதிப்போடுவாங்கள். வாயைத் திறவாத" என்றேன். சட்டப்படி அது பிழையான ஆலோசனை இல்லை. ஓம் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. வாசலில் அவன் மனைவி கமலினி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஐயோ அண்ணை, ரெண்டு பிள்ளையளோட நான் என்ன செய்ய? உங்களை விட்டால் எங்களுக்கு ஆர்?" எனக்கும் அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

நான் வாயைத் திறந்தால் அவனுக்குத் தண்டனை குறையலாம். ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். முகாமில் எனக்குப் பத்தொன்பது வயது, அம்மாவை அடுத்த அறையில் வைத்திருந்தார்கள். அந்தச் சாக்குக்குள் நின்றவன் நான். அவன் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டியவனும் நான்.

அண்ணன் போனது போய்விட்டது. தம்பியையாவது காப்பாற்ற வேண்டாமா? அப்பீலுக்கும் நானே வருகிறேன் என்று கமலினியிடம் சொல்லிவிட்டேன்.