லார்ச் தெருவில் கார் நிறுத்த இடமில்லை

"ஹலோ... ஹலோ... யாரு? சத்தமாப் பேசுங்க, இஸ்திரிப் பெட்டி புஸ்ஸு புஸ்ஸுங்குது... யாரு? மார்லனா? எந்த மார்லன்?... ஓஹோ! வக்கீல் மார்லன். லார்ச் தெரு குடியிருப்போர் சங்கத் தலைவர் மார்லன். அப்படிச் சொல்லு. நான் பழைய மார்லன்னு நினைச்சு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன்."

வெர்லீன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மணி நாலரை. ஆறு மணிக்குப் பிட்ஸ்பர்க் நகரசபையில் விசாரணை. அதற்குப் போட்டுக்கொண்டு போகத்தான் அந்த ஊதா கவுன் பலகையில் கிடந்தது. லார்ச் தெருவில் கன்னியாஸ்திரீகள் காலி செய்துவிட்டுப் போன மடத்தில், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் எட்டுப் பேர் தங்க ஓர் இல்லம் வைக்கலாமா கூடாதா என்று இன்றைக்கு முடிவு சொல்வார்கள். பையனை விரும்பினான் என்று அப்பன் அடித்து விரட்டிய பையன்கள், இனிமேல் பெண்ணாகத்தான் வாழ்வேன் என்று சொன்னதற்காக அம்மா கதவைச் சாத்திய பிள்ளைகள். வெர்லீனும் ஒரு திருநங்கைதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் மாரடித்துக்கொண்டே, இப்படிப்பட்டவர்களைத் தன் இரண்டு அறை வீட்டில் வைத்துச் சோறு போட்டவள். இப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டுக்காரன் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டான். மடத்துக்கு அனுமதி கிடைத்தால் அவள்தான் பொறுப்பாளர், மாடியில் அவளுக்கும் ஓர் அறை என்று பேச்சு.

போனில் இருந்த மார்லனும் அப்படி அவளிடம் வந்து மூன்று வருடம் இருந்தவன்தான். பதினேழு வயதில் வந்தான், இப்போது நாற்பத்தாறு. இல்லம் வேண்டாம் என்று நகரசபைக்குப் போயிருக்கும் கடிதத்தில் முதல் கையெழுத்து அவனுடையது.

"எனக்கென்ன, நல்லா இருக்கேன். மூட்டு வலி, ரத்த அழுத்தம், நீ. மூணும் ஒரே வாரத்துல வந்திருக்கு... ஆமா, ஆமா, கடிதத்தைப் படிச்சேன். நகல் குடுத்தாங்க... அழகா இருக்கு. 'நாங்கள் இந்தச் சமூகத்துக்கு எதிரிகள் அல்ல, நாங்களே இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.' அடடா! படிச்சதும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அடுத்த வரியில ஒரு 'ஆனால்' போட்டிருக்கே பாரு, தெரு மொத்தமும் அது மேல ஏறி உக்காந்திருக்கு..."

"...கார் நிறுத்த இடமில்லையா? இன்னொரு தடவை சொல்லு, ஆசையா இருக்கு... ஏன்டா, அந்த எட்டுல ஒருத்தர்கிட்டயும் சைக்கிள்கூடக் கெடையாது. ஒருத்தன் போட்டிருக்கிற ஷூ ரெண்டும் ஒரே ஜோடி இல்ல. அவன் எந்தக் காரைக் கொண்டாந்து உன் வீட்டு முன்னாடி நிறுத்தப்போறான்?... பார்க்க வர்றவங்க காரா? யாரு வருவா? பார்க்க வர்றதுக்கு ஆள் இருந்தா அதுங்க ஏன்டா அங்க வந்து தங்குது?"

"...தெருவோட தன்மையா? அது என்ன தன்மை? சிவப்பா பச்சையா?... ம்... ம்... உன் வீட்டு வாசல்ல வானவில் கொடி பறக்குதே, பஸ்ல போறப்போ பார்த்தேன். புல்லுல ஒரு பலகை வேற நட்டு வெச்சிருக்கே. 'இங்கே எல்லோருக்கும் நல்வரவு.' எல்லோரும்னா யாரு யாரு? தபால்காரரும் நாய்க்குட்டியுமா?... சிரிக்கல. நான் சிரிக்கல. வயித்தெரிச்சல் இப்படிக் கேக்குது."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். பிட்ஸ்பர்க்கில் ராமாயணமும் உண்டு, பெருமாள் கோயிலும் உண்டு. இடிக்கத்தான் மார்லனைப் போல ஆள் கிடைப்பது அபூர்வம். அந்தத் தெருவின் மற்ற இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் அவனை முன்னால் நிறுத்தியதற்கே காரணம் இருந்தது. ஆணை மணந்த ஆண், ஜூன் மாத வானவில் ஊர்வலத்தில் வருடம் தவறாமல் நடப்பவன். 'அவர்களே வேண்டாம் என்கிறார்களே' என்று நகரசபை சொல்லிவிடலாம் அல்லவா? அவன் பெயரை உருவிவிட்டால் அந்தக் கடிதம் வெறும் காகிதம்.

"சரி, அதை விடு. பத்தொன்பது வருஷமா கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை போடத் துப்பில்ல, இன்னிக்கு எதுக்குக் கூப்பிட்டே?... ம்... ம்... என்னது?... நான் அங்க என்ன பேசப்போறேன்னு தெரியணுமா? ஆளுக்கு மூணு நிமிஷம் குடுப்பாங்க. வாயில வந்ததைப் பேசுவேன்... உன்னைப் பத்தியா?"

"...இரு, இரு. உன் புருஷன் எலியட்கிட்ட நீ என்னதான் சொல்லி வெச்சிருக்கே?... கார் விபத்தா? அப்பா அம்மா ரெண்டு பேருமா? அடப்பாவி! உங்கப்பன் மேற்கு வர்ஜீனியாவுல இன்னும் கல்லு மாதிரி இருக்கான்டா! உன் பொட்டியைத் தூக்கி மழையில எறிஞ்ச கை இன்னும் நல்லாத்தான் இருக்குதாம்... சரி, அப்புறம் யாரு வளர்த்தா? அத்தையா? உனக்கேதுடா அத்தை?... அப்போ பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ்ல பதினோரு நாள் படுத்திருந்தது? கதையில அது இல்லையா?... நான்? நான் எங்க வர்றேன்?... வரவே இல்லையா. ரொம்ப நல்லது. ரொம்ப ரொம்ப நல்லது."

அவன் கெஞ்சத் தொடங்கினான். வெர்லீனுக்குக் கெஞ்சல் என்றால் ஆகாது. அதுவும் நன்றாகப் படித்தவன் கெஞ்சினால் இன்னும் ஆகாது.

"நிறுத்து... நிறுத்துடா! ஒருத்தர் தானா வாயைத் திறந்து சொல்றவரைக்கும் அவங்க கதையை இன்னொருத்தர் சொல்லக்கூடாது. எங்க வீட்டுச் சட்டம் அது. நீ வந்த அன்னிக்கே, சூப்பு குடிக்கறதுக்கு முன்னாடி உனக்கும் சொன்னேன். எங்க ஆளுங்க போலீஸ்கிட்ட பல்லு போக அடி வாங்கினப்பகூட இன்னொருத்தர் பேரைச் சொன்னதில்ல... மறக்கலையா? தெரியும், மறந்திருக்க மாட்டே. அந்தத் தைரியத்துலதானே எழுதினே! கெழவி செத்தாலும் வாயைத் திறக்க மாட்டான்னு. அப்புறம் எதுக்குடா போனு? நானும் உன்னை மாதிரி ஆயிட்டேனான்னு பார்க்கவா?"

அவன் கதையைச் சொல்லிவிட அவள் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். இந்தக் கடிதத்தை எழுதியவனே ஒரு காலத்தில் இப்படி ஓர் இடத்தில் கிடந்தவன்தான் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும், நகரசபையில் ஒருத்தரும் தலை தூக்க முடியாது. மூன்று வாரமாக அந்த ஒரு வரி நாக்கு நுனியில் நின்றது. மூன்று வாரமாக அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டிருந்தாள்.

"...என்ன? நீ எழுதலையா? பின்னே யாரு?... எலியட்டா? எலியட் பிடிவாதம் பிடிச்சாரு, நீ சும்மா கையெழுத்துதான் போட்டே... ஆமா, ஆமா. புருஷன் சொல்லைத் தட்டாத பத்தினி... இல்லடா, நம்பறேன். நம்பறேன்னு சொல்றேன்ல?... என்ன? யாரு வந்துட்டா?... ஏன் திடீர்னு குரல் தேனா ஒழுகுது?... திரைச்சீலையா? என்ன திரைச்சீலை?... ஓ... ஓகோ! நான் இப்போ சலவைக்காரியா?... அவரே பேசணுமாமா? குடு... பயப்படாதேடா, குடு."

எலியட் போனை வாங்கிய அந்த மூன்று வினாடியில் ஓர் ஆளின் குடும்பத்தையே கவிழ்த்துவிடலாம். வெர்லீன் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கங்க... சார் இல்லீங்க, மேடம்... அய்யோ, பரவாயில்லீங்க, போன்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, பழகிப்போச்சு... ஆமாங்க, திரைச்சீலைதான்... லினனா? வெந்நீரைக் காட்டிராதீங்க, சுருங்கி முழங்காலுக்கு வந்து நிக்கும்... ஒயின் கொட்டிருச்சா? செவப்பா?... தேய்ச்சீங்களா? ஏங்க தேய்ச்சீங்க! தேய்ச்சா உள்ள எறங்கும். ஒத்தி ஒத்தி எடுக்கணும்... முப்பத்தோரு வருஷ அனுபவங்க. ஆஸ்பத்திரித் துணி. ரத்தத்துக்கு முன்னாடி ஒயின் ஒண்ணுமே இல்ல..."

"செவ்வாய்க்கிழமையா? பார்க்கலாம்ங்க... இன்னிக்கு முடியாதா? எங்க போறீங்க?... நகரசபைக்கா? என்னங்க விசேஷம்?... ம்... ம்... பிள்ளைங்க இல்லமா. வேண்டாம்னு உங்க தெருவுல கடிதம் போட்டிருக்காங்களா. அப்படியா... உங்களுக்கு எப்படிங்க, தொந்தரவா இருக்குமா?... இருக்காதா?... ஞாயித்துக்கிழமையில மக்ரோனி செஞ்சு கொண்டுபோய்க் குடுக்கலாம்னு இருந்தீங்களா?... நீங்களா? அப்போ அந்தக் கடிதத்தை..."

"...அவரா? அவரே உக்காந்து எழுதினாரா? மூணு நாளாவா?... நீங்க வேண்டாம்னு சொல்லிப் பார்த்தீங்களா... கேக்கலையா... ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரா... ஆமாங்க, ஆமாங்க. சின்ன வயசுலயே அப்பா அம்மாவைப் பறிகொடுத்தவர். கார் விபத்துன்னா கேக்கவே சங்கடமா இருக்கு... அத்தை நல்லாத்தான் வளர்த்திருக்காங்க... நீங்க நல்ல மனுஷங்க. நிஜமாத்தான் சொல்றேன்... அவர்கிட்டயே குடுங்க, ஒரு சின்னக் கணக்கு பாக்கி இருக்கு."

அந்த எலியட் ஒரு கெட்டவனாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மார்லன் சொன்னதை நம்பி, பழியை அவன் தலையில் கட்டிவிட்டிருக்கலாம்.

"போயிட்டாரா?... கதவைச் சாத்து... சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல. உங்கப்பனையும் ஆத்தாளையும் என் வாயாலயே இன்னொரு தடவை காரோட சேர்த்துக் கொன்னுட்டேன், போதுமா?... பேசாதே. நீ பேசாதே. எலியட் பிடிவாதமா? அந்த மனுஷன் அதுங்களுக்கு மக்ரோனி கிண்டப் பார்க்கறாரு!... வாயை மூடு, நான் யோசிக்கறேன்."

"...காரும் இல்ல. தெருவும் இல்ல. பிள்ளைங்க மேல உனக்கு என்ன விரோதம்? ஒண்ணும் இல்ல. ஜூன் மாசம் அதுங்க தோள் மேல கை போட்டு போட்டோ எடுத்துக்குவே... மார்லன்... அந்த மாடி அறை யாருக்குன்னு உனக்குத் தெரியும் இல்ல?... சொல்லு... என்னாலதானா?"

அடுத்த அறையில் பிள்ளைகள் குளியலறைக்கு யார் முதலில் போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காலையில நீங்க ரெண்டு பேரும் நாயைக் கூட்டிட்டு வருவீங்க. நான் வாசல் கூட்டிட்டு நிப்பேன். இந்தத் தோளும் இந்தக் குரலுமா, 'என்னடா கண்ணு, சாப்டியா'ன்னு கேப்பேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. 'யாரு அந்தம்மா'ன்னு எலியட் கேப்பாரு. அதானே?... ம்... ம்... சொல்லிட்டே. பத்தொன்பது வருஷத்துல நீ என்கிட்ட சொன்ன முதல் உண்மை இதுதான்."

வலித்தது. கார் நிறுத்த இடமில்லை என்ற பொய்யே எவ்வளவோ மரியாதையாக இருந்தது என்று தோன்றியது.

"...என்ன?... இன்னொரு தடவை சொல்லு... நான் குடிவரலைன்னா வாபஸ் வாங்கிக்குவியா?... அடேங்கப்பா! பேரம் பேசறியாடா நீ! பெரிய வக்கீல்தான். ஊர்ல சும்மாவா சொல்றாங்க... இரு. அவசரப்படாதே. இரு."

ஒரு பக்கம் எட்டுக் கட்டில். இன்னொரு பக்கம், அறுபத்தேழு வயதில் முதல்முறையாக அவளுக்கென்று கிடைக்கவிருந்த ஜன்னல் வைத்த ஓர் அறை. அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்றுகூட அவள் முடிவு செய்திருந்தாள். குளியலறைச் சண்டை ஓய்ந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"சரி... சரின்னேன். காது கேக்கலையா? நான் வரல. எனக்கு ஒத்தாசையா இருக்கிற லோரெட்டா பார்த்துக்குவா. சின்னப் பொண்ணு, உன் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது... அந்தத் தெருவுல கால் வைக்க மாட்டேன்... கிறிஸ்துமஸுக்கும் வர மாட்டேன், பிள்ளைங்க பொறந்த நாளுக்கும் வர மாட்டேன். போதுமா?... எழுதியா? எழுதியெல்லாம் குடுக்க மாட்டேன்டா! என் வார்த்தை எப்படிப்பட்டதுன்னு இப்பத்தானே நின்னு கேட்டே! நீதான் எழுதணும். நகரசபைக்கு, இப்பவே. நான் போனை வைக்கல. தட்டு... படிச்சுக் காட்டு... 'மறுபரிசீலனை'யா? அதெல்லாம் வேண்டாம். 'வாபஸ்'னு தெளிவாப் போடு... பேரைப் போட்டியா?... அனுப்பு... போயிருச்சா? ... சரி."

"...நன்றியா? அதை நீயே வெச்சுக்கோ, அடுத்த ஊர்வலத்துல பேசறதுக்கு ஆகும்... நான் எங்க போவேன்னு இப்போ எதுக்குக் கவலை? கேக்கற நேரத்துல கேக்கல... என்ன? எலியட் மறுபடி கூப்பிடறாரா?... செவ்வாய்க்கிழமை அந்தம்மா எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கேக்கறாரா?"

"...கடையை மூடிட்டாங்கன்னு சொல்லு... இல்ல, வேண்டாம். அந்தச் சலவைக்காரி செத்துட்டான்னே சொல்லிடு. உனக்குத்தான் அது கை வந்த கலையாச்சே."

வெர்லீன் போனை வைத்தாள்.