ஒரு பேரு, ரெண்டு உடம்பு

— சிரிக்காத பாலகுமார் தம்பி. எங்க மாடி வீட்டைக் காலி பண்றப்போ நீ குடுத்தியே, அந்தச் செடி வாடுதேன்னு போன்ல டிரசீனான்னு தேடுனேன். பெரிய பல்லி படமா வருது.

— பேசிக்கலி, ரெண்டுக்கும் ஒரே பேருங்க, மௌரீன் அக்கா. செடிக்குப் பேர் வைக்கிறவங்க வேற, மிருகத்துக்கு வைக்கிறவங்க வேற. அந்தப் பக்கம் வெச்ச பேரை இந்தப் பக்கமும் வைக்கலாம், தப்பில்லைங்க. உங்ககிட்ட இருக்கறது வெறும் செடிதான்.

— எங்க லிங்கராஜபுரம் தெருவுலயே ரெண்டு பீட்டரு. கொரியர்காரன் மாத்தி மாத்திக் குடுக்கறான். ஆனா தம்பி, அந்தப் படம்... செவப்புத் தலை, பச்சை உடம்பு. மோட்டர் போடலாமான்னு கேக்க மாடிக்கு வந்தப்போ உன் பாத்ரூம்ல பாத்தேன். ரப்பர் பொம்மைன்னு சொன்னியே.

— அக்கா...

— சும்மா இழுக்காத. பொம்மையா அது?

— இல்லைங்க. உசுரோடதான் இருந்துச்சு. டெலிகிராம்ல ஒருத்தன்கிட்ட திருட்டுத்தனமா வாங்கினேன். அதுவும் டிரசீனாதான். பேர் ஒண்ணா இருக்கேன்னு அந்தச் செடியையும் வாங்கிப் பக்கத்துல வெச்சேன். சும்மா, விளையாட்டுக்கு.

— ஏசப்பா! இப்ப எங்க அது?

— செத்துப்போச்சுங்க. அஞ்சாறு மாசமாச்சு. வந்ததுலேருந்து சாப்பிடவே இல்லை. எந்நேரமும் அந்தத் தொட்டி மண்ணைத்தான் பறிச்சுட்டு இருந்துச்சு. கடைசியில அது மேலேயே படுத்துக் கெடந்துச்சு. நானே ஏரிக்கரையில பொதைச்சேன், சத்தியமா.

— அப்ப எம்பொண்ணு ஆஷா ஏன் அவ ரூமுக்கே போகமாட்டேங்கறா? தொட்டி அவ கட்டில் பக்கத்துலதான் இருக்கு. ஏதோ பிராண்டுதும்மான்னு அழறா. அவங்கப்பா எலிப்பொறி வெச்சாரு. ஒண்ணும் மாட்டல.

— அக்கா, மண்ணு எப்படி இருக்குன்னு பாருங்க.

— ஏன்?

— ப்ளீஸ். பாப்பா அங்க இருக்காளா?

— ஸ்கூலுக்குப் போயிருக்கா. இரு... நடுவுல குழி விழுந்திருக்கு. எலி நோண்டின மாதிரி இல்லப்பா. உள்ளேர்ந்து தள்ளின மாதிரி.

— கைய வைக்காதீங்க. கரண்டியால கிளறுங்க. முட்டை ஏதாச்சும் இருக்கா? வர்றப்பவே வயித்துல இருந்திருக்கும். எனக்குத் தெரியலைங்க.

— ஐயோ... இருக்கு. வெள்ளையா, தோலு மாதிரி. வேரெல்லாம் சுத்திக்கிட்டு.

— அப்படியே மூடி வைங்க. இப்பவே கெளம்பி வந்து எடுத்துக்கறேன்.

— எதை எடுப்ப தம்பி? எல்லாம் கிழிஞ்சு காலியா இருக்கு.