ஏழா, ஒன்றா

என் கண்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. அதைச் சொல்லிவிட்டால் மீதி சுலபம்.

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் பின்னறையில் பழைய பதிவேடுகளைப் படித்துச் சொல்வது என் வேலை. அந்தக் காலத்து எழுத்தர் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் குறி போட்டிருப்பார். வட்டம் இருந்தால் குழந்தை தத்துப் போனது. வட்டத்துக்குள்ளே இருப்பது பெற்றவளின் கோப்பு எண். கோப்பை எடுத்தால் முகவரி. அவர் எழுதும் 7 மட்டும் 1 போலவே இருக்கும். பழகிய எனக்கு அதிலும் குழப்பமில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தன் தாயைத் தேடி வந்தாள். அவளுடைய பதிவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஏழுதான். ஆனால் அவள் உட்காருவதற்கு முன்பே, "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"ஏழா ஒண்ணான்னு தெரியலம்மா. வெள்ளிக்கிழமை வாங்களேன்" என்றேன்.

வெள்ளிதோறும் வந்தாள். ஒருமுறை எனக்கென்று ஒரு கண்ணாடியே செய்து கொண்டுவந்தாள்.

"இதைப் போட்டும் தெரியலையா சார்? எங்க கடைக்கே கெட்ட பேரு வாங்கித் தந்துடுவீங்க போல."

"கண்ணாடி நல்லாத்தாம்மா இருக்கு. அந்த ஏழுக்குத்தான் ஏதோ கோளாறு."

முகவரியைச் சரிபார்ப்பது முறை அல்லவா, போய்ப் பார்த்தேன். தையல்கார அம்மா, தனியாள். மகள் தேடி வந்தால் என்னிடம்தான் வருவாள் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவரும் செவ்வாய்தோறும் வர ஆரம்பித்தார்.

"வந்தாளா தம்பி?"

"இன்னும் இல்லம்மா."

"வருவா. என் பிடிவாதத்துல பாதி இருந்தாக்கூட வருவா. சட்டையைக் கழட்டுங்க, பொத்தான் தொங்குது. இந்தக் கோலத்துல இருந்தா உங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அப்படி ஒரு செவ்வாயன்று மகள் நாள் மாறி வந்து கதவைத் தட்டினாள். கதவை ஒருக்களித்துத் திறந்து, "இன்னைக்கு தணிக்கை நடக்குதும்மா" என்றேன்.

"பனியனோடவா சார் தணிக்கை?" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

"யாரு தம்பி?"

"தபால்காரர்மா."

பொத்தானை அப்போது பாதிதான் தைத்திருந்தார்.

பிறகு அந்த அம்மா மருத்துவமனையில் படுத்துவிட்டார். கண்ணைத் திறந்து, "வந்தாளா?" என்றார். இல்லை என்றேன். அன்று வெள்ளிக்கிழமை. மகள் அலுவலகத்தில் எனக்காகக் காத்திருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு, "ஏழுதாம்மா" என்று அவளிடம் சொல்லி முகவரியைக் கொடுத்தேன். வீடு பூட்டியிருந்தது. "பதிவு ஆபீஸ் தம்பிதான் கடைசிவரைக்கும் வந்து பாத்துக்கிட்டாரு" என்று பக்கத்து வீட்டுக்காரர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் புகார் கொடுத்தாள். அப்படித்தான் நான் விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். அம்மா மகளைப் பற்றியும் மகள் அம்மாவைப் பற்றியும் மனம்விட்டுப் பேசியது என்னிடம் மட்டும்தான். யோசித்துப் பார்த்தால், அவர்களைச் சேர்த்துவைத்தவனே நான்தான்.