சூடு தெரியாத கால்கள்

எங்கள் வார்டில் குளிர் கொஞ்சம் அதிகம்தான், ஐயா. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அதற்காகத்தான் அந்த மெஷினை வைத்திருக்கிறோம். சூடான காற்றைக் குழாய் வழியாக ஊதும். குழாயின் முனையை அதற்கென்று இருக்கும் காற்றுப் போர்வையில் செருக வேண்டும். போர்வை முழுக்க ஊசித் துளைகள். காற்று அவற்றில் பிரிந்து பதமாக மேலே படும். போர்வை இல்லாமல் வெறும் குழாயைத் துணிக்குள் விட்டால் ஒரே இடத்தில் அடித்துத் தோல் வெந்துபோகும். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். ஆகவே, வாக்குமூலத்தில் கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். என் வேலையைப் பற்றி யாரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

தையல்கார அக்கா முதுகெலும்பு ஆபரேஷனுக்கு வந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. வந்த அன்றே என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா தங்கச்சி, இந்தச் சட்டைய உனக்கு அளவெடுத்தாங்களா, கதவுக்கு அளவெடுத்தாங்களா?" என்றார். ஊசி நூல் வாங்கிவரச் சொல்லி, படுத்தபடியே தோள்பட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

நான் என்ன உடுத்துகிறேன் என்று யாராவது பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வீட்டுக்கு நான் போய்த்தான் விளக்குப் போட வேண்டும். நின்றபடியே சாப்பிடுவேன். பேச்சுத் துணைக்கு ரேடியோ. அக்கா வந்த பிறகு, வேலை முடிந்தும் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதிலுக்கும் காத்திருப்பார்.

ஒருநாள் அவருடைய தம்பி வந்து, "அக்காவக் கூட்டிட்டுப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "ஒருநா வீட்டுக்கு வா தங்கச்சி" என்றார் என்னிடம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். விலாசம் கொடுக்க மறந்துவிடுவார்கள்.

மறுநாள் காலை உடம்பு துடைத்த பிறகு அக்கா நடுங்கினார். மெஷினைக் கொண்டுவந்தேன். காற்றுப் போர்வையைக் கொண்டுவரவில்லை. குழாயை மட்டும் கால்பக்கம் துணிக்குள் வைத்தேன். சூடு மெல்ல மார்புவரை ஏறியது. "இப்பத்தான் உயிர் வந்துச்சு" என்றார். ஒரு சின்னக் கொப்புளம் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

வந்தது. ஆறும்வரை இருக்கட்டும் என்றார் டாக்டர். மெஷினில்தான் கோளாறு என்று சொல்லி, கம்பெனிக்காரர்கள் வேறு மெஷின் கொடுத்தார்கள். நானே மருந்து போட்டேன். "உன் கை பட்டாலே ஆறிடும்" என்றார் அக்கா. நிஜமாகவே ஆறிவிட்டது. அதுதான் சங்கடம்.

தம்பி திரும்ப வந்தார். நான் திரும்பக் குழாயை வைத்தேன். அப்போது அக்கா, காலமாகிவிட்ட தன் கணவரைக் கல்யாணம் செய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைச் சட்டையை அக்காவேதான் தைத்தாராம். பதற்றத்தில் ஒரு கை நீளமாகிவிட்டதாம். மனுஷர் கல்யாணம் முழுக்க அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே நின்றாராம். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். துணிக்கடியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தீய்ந்த வாடைகூட லேசாக வந்தது. நடுவில் எழுந்து அணைத்தால் கதையை விட்டுவிடுவாரே என்று உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறை புண் எலும்புவரை இறங்கிவிட்டது. சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறியது. கடைசி நாட்களில் நான் லீவு போட்டுவிட்டு அக்கா பக்கத்திலேயே இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்த நான்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டேன் சிஸ்டர்" என்று அழுதார்.

மெஷினில் பழுது இல்லை, ஐயா. கொடுத்தவர்கள்மேல் பழி போட வேண்டாம். இரண்டு முறையும் நான்தான் வைத்தேன், தெரிந்தே வைத்தேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அக்கா தனியாகச் சாகவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்குப் போயிருந்தால், பாவம், அவருக்கு யார் இருக்கிறார்கள்?