மோட்டார் ரூமில் கத்திய பஸ்ஸர்

சாயங்காலம் ஏழு மணி... உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற ரோட்டில் ஒரு மண்தடம் பிரியும். இருபுறமும் தென்னை. அந்த நேரத்துக்கே ஆள் நடமாட்டம் இருக்காது. தடத்தின் கடைசியில் ஒரே ஒரு வீடு.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் கூட்டாளி மோகன்குமாரின் பெரியப்பா சுப்பண்ணனுக்கு நடந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், நல்ல கோடை. அவர் மனைவி ராசம்மாளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், மூக்கில் குழாய். கரண்ட் போனாலும் மெஷின் ஓட வேண்டுமென்று யூ.பி.எஸ். வைத்திருந்தார்கள். கரண்ட் போனதும் அது பீப்... பீப்... என்று நிதானமாகக் கத்தும். பேட்டரி தீரப்போகிறதென்றால் பீப்பீப்பீப் என்று அவசரப்படும். உடனே சுப்பண்ணன் ஓடிவந்து குழாயைப் பக்கத்தில் நிற்கிற ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றுவார். அந்த அறையில் எப்போதும் நீலகிரித் தைலமும் பேட்டரி ஆசிட்டும் கலந்த நெடி.

ராசம்மாளுக்கு அந்தச் சத்தம் ஆகவேயில்லை.

"அது கத்துனா உசுரு போற மாதிரியே இருக்குதுங்க. எப்படியாச்சும் நிறுத்திப்போடுங்க" என்று அழுதார்.

மனைவி மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன். பெட்டியைத் திறந்து, உள்ளே பொத்தான் அளவுக்கு இருந்த பஸ்ஸரைக் கழற்றிவிட்டார். இனி கரண்ட் போன நேரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார்.

அதோடு விட்டாரா? தோட்டக்காரப் புத்திக்கு எதையும் வீணாக்க மனசு வராது. கிணற்றடி மோட்டார் ரூமில், கரண்ட் வந்தால் கத்துகிற மாதிரி அதை மாட்டினார். தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் அப்படி ஒன்று வைப்பது நம் பக்கத்தில் வழக்கம்தானே. வீட்டில் கரண்ட் போனால் கத்தியது, தோட்டத்தில் கரண்ட் வந்தால் கத்த ஆரம்பித்தது.

அன்று பகலெல்லாம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. பேட்டரி சரியாக ஏறவில்லை. அதை அவர் யோசிக்கவில்லை. ஏழு மணிக்கு மறுபடி போனது. யூ.பி.எஸ். சத்தமில்லாமல் ஓடியது.

"ஏனுங்க, கரண்டு வந்துருச்சுங்களா?" எப்போதும் ராசம்மாள் கேட்கிற கேள்வி.

"இப்ப வந்துரும் அம்மணி. வாய்க்காலத் திருப்பியுட்டுப்போட்டு வாரேன்."

வாய்க்காலில் மண்வெட்டியைப் போட்டபோது மோட்டார் ரூமிலிருந்து... பீப்... பீப்... அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கரண்ட் வந்துவிட்டது, இனி ராசம்மாளுக்குப் பயமில்லை.

டார்ச்சோடு போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். டொக். மோட்டார் ஓடவில்லை. மறுபடி... டொக். ஸ்டார்ட்டர் கோளாறு என்று அதையே தட்டிக்கொண்டும் நோண்டிக்கொண்டும் இருந்தார்.

அப்போது சத்தம் மாறியது. பீப்பீப்பீப்பீப்... காதைக் குடைந்தது. ஒயரைப் பிடுங்கினார். நிற்கவில்லை. பஸ்ஸரையே பிய்த்துத் துண்டில் சுற்றினார். நிற்கவில்லை. துண்டுக்குள் கோழிக்குஞ்சு மாதிரி துடித்தது. பயந்துபோய்க் கீழே போட்டு, மண்வெட்டியின் முதுகால் ஓங்கி ஒரு போடு போட்டார்.

நின்றது.

அந்த அமைதியில்தான் பார்த்தார். போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை. தூரத்தில் ஊரிலும் வெளிச்சமில்லை. கரண்ட் வரவேயில்லை.

ஓடினார். வரப்பில் விழுந்தார், எழுந்தார். ஆத்தா, கொஞ்ச நேரம் கொடு, கொஞ்ச நேரம் கொடு என்று மாகாளியம்மனைக் கெஞ்சிக்கொண்டே ஓடினார். வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. ராசம்மாளின் கை சிலிண்டர் பக்கம் நீண்டபடி கிடந்தது. உடம்பில் சூடு ஆறவில்லை. சிலிண்டரைத் திறந்து, குழாயை மூக்கில் வைத்து, கரண்ட் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பாவம்... யார் போய் அவரை எழுப்புவது?

நசுங்கிய பஸ்ஸர் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கரண்ட் போனால் காதில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தரம் கத்து என்று கெஞ்சுவார். அது கத்தியதேயில்லை.

போன மாசம் மோகன்குமார் அங்கே போயிருந்தான். கரண்ட் போனது. பெரியப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் கிடந்ததை இவன் எடுத்துச் சும்மா காதில் வைத்திருக்கிறான். பீப் இல்லை. யாரோ இழுத்து இழுத்து மூச்சு வாங்குகிற சத்தம்... குப்பென்று நீலகிரித் தைல வாசம்... அப்புறம் காதோடு காதாக,

"ஏனுங்க... கரண்டு வந்துருச்சுங்களா?"